வாகரைக்கு எத்தனை எழுத்து?

டேய் மனே, நீ கொம்பியூட்டரில வேலை செய்றாய் எண்டு ஊரெல்லாம் பேர். நல்லம். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அங்கால இரிக்கிறவனும் "உங்கட பேரன் சொப்ட்வெயர் எஞ்சினியராமே?" எண்டு கேட்கிறான். நானும் மீசையத் தடவிக்கொண்டு "ஓம்" எண்டுறன். ஆனா மனசுக்குள்ள ஒரு சந்தேகம் கிடக்கு. கேட்டா நீ கோபிப்பாய். கேட்காட்டி எனக்குச் சோறு இறங்காது. நீ செய்ற வேலைதான் என்னகா?

நேற்று உன்ட திரை கறுப்பு. இண்டைக்குக் கருநீலம். எழுத்தெல்லாம் ஒல்லியாப் போச்சு. மூலையில நேரம் காட்டுது. பற்றரி எவ்வளவு மிச்சம் எண்டு காட்டுது. மழை வருமா எண்டும் காட்டுது. மழை வருமா எண்டு பார்க்க யன்னலைத் திறந்தாக் காணாதா? கடல் அங்கதானே கிடக்கு. இவ்வளவும் காட்டுற திரையில வேலை எந்த மூலையில இரிக்கு எண்டு நானும் தேடிப் பார்த்தன். அம்பிடல்ல.

கேட்டா, "அம்மப்பா, இது செற்றப். கைக்கு வாகா ஆக்கி எடுத்தாத்தான் வேலை கெதியா நடக்கும்" எண்டு விளக்கம் சொல்லுறாய். நல்ல விளக்கம். போன வருசமும் இதே விளக்கம்தான். வாகு வந்து சேர்ந்ததா இல்லையா எண்டுதான் ஒரு தகவலும் இல்ல.

கைவாகு எண்டா என்ன எண்டு எனக்கும் கொஞ்சம் தெரியும் மனே. இந்த உப்பாத்தில வலை வீசித்தான் உன்ட அம்மாவை ஆளாக்கினன். புது வலைய வாங்கினா முதல் அப்படியே கொண்டுபோய் வீசுவம். வீசினாத்தான் தெரியும், எந்தப் பக்கம் ஈயம் காணாது, எந்த இடத்தில கல் பிடிச்சுக் கிழிக்குது, திரளி எதுக்குள்ளால பாய்ஞ்சு தப்புது எண்டு. கரைக்கு வந்து அந்த இடத்தை மட்டும் பொத்துவம். மறுகாலும் வீசுவம். நனைய நனைய வலை தன்பாட்டில கைக்கு வந்திரும். எங்கட காலத்தில ஒருத்தன் இரிந்தான். பேர் வேணாம், அவன்ட பேரப்பிள்ளைகள் இஞ்சதான் இரிக்குதுகள். வலைய நனைக்க முதலே திருத்தத் தொடங்கினான். ஈயத்தை மாத்தினான். கயித்தை மாத்தினான். சாயம் போட்டான். மாரி வந்து போச்சு, சோளகமும் வந்து போச்சு. போறவன் வாறவன் எல்லாம் நிண்டு பார்த்து "என்னா வடிவு" எண்டிட்டுப் போனான். கடைசி வரைக்கும் அந்த வலையில ஒரு கிழிசல் இல்ல. ஏன் இல்ல? தண்ணியே படல்ல.

உன்னைச் சொன்னன் எண்டு நினைக்காத. நினைச்சாலும் குற்றமில்ல.

எனக்குக் காது மந்தம் எண்டு நீ நினைக்கிறது உன்ட பிழை. இரவில நீ கூட்டாளிமாரோட போனில அளக்கிற கதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன். விம் எண்டுறாய், ஈமாக்ஸ் எண்டுறாய், ரெண்டும் புரோகிராம் எழுதுற எடிட்டராம். ஈமாக்ஸ் 1976 இல வந்ததாம். அதே வருசம்தான் பில் ஜோய் எண்டவன் விம்முக்கு மூத்த வி.ஐ. எண்டதைத் தொடங்கினவனாம். எது நல்லம் எண்டு அண்டைக்குத் தொடங்கின சண்டை இன்னும் முடியல்லையாம். மண்வெட்டி நல்லமா கோடாலி நல்லமா எண்டு அரை நூற்றாண்டாச் சண்டை பிடிச்ச ஊரில ஆர் பயிர் செய்தது எண்டு நான் கேட்கல்ல. நீயே யோசி.

விம் எண்டதுக்குள்ள போனவனுக்கு வெளிய வாற வழி தெரியாதாமே? அதைக் கேட்டு ஒருத்தன் போட்ட கேள்வியை 2017 ஆகக்குள்ள 10 இலட்சம் தரத்துக்கு மேல ஆக்கள் திறந்து பார்த்திரிக்காங்களாம். நீயும் ஒரு காலத்தில பார்த்திரிப்பாய், சொல்லமாட்டாய். சரி, அது போகட்டும். விம்மைக் கட்டினவன் ஆர் தெரியுமா? பிராம் மூலனார், ஒல்லாந்துக்காரன். 1991 இல வெளிய விட்டான். 2023 ஆவணியில செத்துப்போனான். மனிசன் காசு கேட்கல்ல. "இது உனக்குப் பிடிச்சிரிந்தா உகண்டாவில இரிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு உதவு" எண்டு மட்டும் கேட்டான். எங்க ஒளிச்சு வைச்சுக் கேட்டான்? ஒளிக்கவே இல்ல. சும்மா திறந்தவுடனே முன்னுக்கு வாற திரையிலேயே எழுதி வைச்சிரிக்கான். நீ இத்தனை வருசமாத் திறக்கிறாய். அந்தத் திரைட கலரை எத்தனை தரம் மாத்தினாய்? அதில எழுதியிரிக்கிறதை எத்தனை தரம் வாசிச்சாய்?

பார், முகம் சுருங்குது. கொஞ்சம் தேத்தண்ணி குடி.

இப்ப நீ கென் தொம்சன்ட கதையத் தூக்கிக்கொண்டு வருவாய். எனக்குத் தெரியும். "அம்மப்பா, பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் தங்கட ஆயுதத்தைத் தாங்களே செய்தவங்கதான்" எண்டுவாய். வா, அந்தக் கதையவே பேசுவம். அது எனக்கு மிச்சம் பிடிச்ச கதை.

1969 இல அமெரிக்காவில பெல் ஆய்வுகூடத்தில தொம்சன் இரிந்தான். மல்டிக்ஸ் எண்ட ஒரு பெரிய வேலையில இருந்து பெல்காரர் கழண்டுபோனாங்க. ஆளுக்குப் பெரிய மெசின் இல்ல. மூலையில கிடந்த பி.டி.பி.-7 எண்ட பழைய மெசினில நோண்டிக்கொண்டிரிந்தான். பைல் வைக்கிற ஒழுங்கை ஏற்கெனவே அதில செய்து பார்த்திரிந்தான். அந்த நேரம் மனிசி, ஒரு வயசுப் பிள்ளையக் காட்டுறதுக்கு மாமா மாமி வீட்டுக்குக் கலிபோர்னியாவுக்குப் போனாள். மூண்டு கிழமை. ஒரு கிழமை எடிட்டர் எழுதினான். ஒரு கிழமை அசெம்பிளர் எழுதினான். ஒரு கிழமை மிச்ச உள்வேலை. மனிசி வந்து கதவைத் தட்டக்குள்ள யுனிக்ஸ் எண்ட இயங்குதளம் பிறந்து கிடந்தது. உன்ட கையில இரிக்கிற போனும் அந்த வழியில வந்ததுதானாம்.

நான் யோசிச்சன், எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஏன் ஒருத்தனும் யுனிக்ஸ் கட்டல்ல எண்டு. காரணம் பெரிசா ஒண்டுமில்ல. எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொம்புளை வீட்டுக்கு வந்து இரிக்கிறது. மனிசி பெட்டி கட்டிக்கொண்டு மூண்டு கிழமை எங்க போறது? அவட வீடுதானே அது! போனா நாங்கதான் போகவேணும். போனாலும் எங்கட ஆக்கள் கட்டுறது கடன்தான்.

பகிடி போகட்டும். தொம்சன் எடிட்டர் எழுதினது ஏன்? எழுதுறதுக்கு அவனட்ட ஒரு வேலை கிடந்தது. அசெம்பிளர் ஏன்? எழுதினதை அந்த மெசினுக்குள்ள ஓட்டவேணும். ஒண்டு முடிய மற்றது வாசலில நிண்டுது. ஒரு கிழமைக்கு மேல ஒண்டிலயும் குந்தியிரிக்கல்ல. எடிட்டருக்கு என்ன கலர் போட்டான் எண்டு எங்கயாவது எழுதியிரிக்கா? உன்ட எடிட்டருக்கு வாசலில என்ன நிற்குது மனே? இன்னொரு எடிட்டர்தானே?

இன்னொரு பெரியவரும் இரிக்கார், டொனால்ட் குனுத். நீ கும்பிடுற ஆள். தன்ட புத்தகத்தைப் புதுப் பதிப்புக்கு அச்சுக் கோத்து வந்ததைப் பார்த்தாராம், எழுத்து பார்க்கச் சகிக்கல்லையாம். 1977 இல "நானே ஒரு அச்சுக்கோக்கிற புரோகிராம் எழுதுறன்" எண்டு வெளிக்கிட்டார். ஒரு வருசத்தில முடிச்சிரலாம் எண்டு நினைச்சார். பத்து வருசத்துக்கு மேல இழுத்துப்போச்சு. புத்தகம் காத்துக்கொண்டே கிடந்தது. நாலாம் பாகத்தின்ட முதல் துண்டு தடிச்ச அட்டையோட வரக்குள்ள 2011. அந்தாளும் உன்னைப்போலதான் எண்டு இப்ப நீ சிரிக்கிறாய். சிரி. ஆனா அவர் அதை எழுதினதால கணக்கு, பௌதிகம் படிக்கிற உலகம் முழுக்க டெக் எண்ட அந்தப் புரோகிராமில புத்தகம் அடிக்குது. உன்ட செற்றப்பால ஆர் என்ன அடிச்சாங்க? அவருக்கு அச்சுப் பிழை கண்ணில குத்தினது. உனக்கு எது குத்தினது? பக்கத்து மேசைக்காரன்ட திரை.

கீபோட் கதை ஒண்டு இரிக்கு. இரண்டாப் பிளந்த பலகை, தட்டினாத் தச்சன் வேலை நடக்கிற மாதிரிச் சத்தம். அதைப்பற்றி நான் பேசமாட்டன். மாசக் கணக்கா எழுத்து எது எங்க இரிக்கு எண்டு நீ தடவித் திரிஞ்சதை உன்ட அம்மா பார்த்து அழுததே காணும்.

இனிப் புதுச் சாமான் பைத்தியம். வெப்சைட் கட்டுற அங்கியூலர் 2010 இல வந்தது. "இதுதான் இனி" எண்டாய். ரியாக்ட் 2013. வியூ 2014. ஸ்வெல்ற் 2016. ஒவ்வொண்டுக்கும் "இதுதான் இனி" எண்டாய். முதல் வந்த அந்த அங்கியூலர்ஜேஎஸ் எண்டதை 2021 முடியக் கட்டினவங்களே கைவிட்டாங்க. அதில எழுதினவன் எல்லாம் திருப்பி எழுதினான். எழுதி முடிக்கக்குள்ள அடுத்தது வந்திற்று. புதுசு பிழை எண்டு நான் சொல்லல்ல. நைலோன் வலை வந்தநேரம் பருத்தி வலைய ஆரும் கட்டிப்பிடிச்சு அழல்ல. ஆனா புதுசு எண்டா அதுட கெட்ட குணம் எது எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. பழசுட கெட்ட குணத்தை ஊரே மனப்பாடமா வைச்சிரிக்கு. இதை எனக்குச் சொல்லித் தந்ததும் நீதான். டான் மக்கின்லி எண்ட எஞ்சினியர் 2015 இல எழுதினதை வாசிச்சுக் காட்டினாய். ஒரு கொம்பனிக்குப் புதுமை பண்ண மூண்டு ரோக்கன்தான் எண்டு வைச்சுக்கொள், பார்த்துச் செலவழி எண்டு அவன் சொன்னான். வாசிச்சுக் காட்டினாய், நல்ல கட்டுரை எண்டாய், அண்டைக்கு இரவே நாலாவது ரோக்கனைச் செலவழிச்சாய்.

அந்தப் பதினொரு வரிக் கதை ஞாபகமிரிக்கா? 2016 பங்குனி. லெப்ற்-பாட் எண்டு ஒரு புரோகிராம் துண்டு. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெறும் இடம் விட்டு நிரப்புறதுதான் அதுட வேலை. வெறும் 11 வரி. எழுதினவனுக்கும் ஒரு கொம்பனிக்கும் ஒரு பேர்ச் சண்டை, இந்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கிற என்.பி.எம். காரர் கொம்பனிட பக்கம் நிண்டாங்க. மனிசன் கோபத்தில தன்ட சாமானை எல்லாம் இழுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான புரோகிராம் கட்ட ஏலாமல் நிண்டுது. பெரிய பெரிய கொம்பனியும் முழிச்சுது. அடேய், பதினொரு வரி எழுதப் பஞ்சியா? அதையும் அடுத்தவன் வீட்டில இருந்தா கொண்டுவாறது? ஆனா திரையில வடிவுக்கு ஒரு முயல் ஓடுறதுக்கு நீ எழுதின வரி எத்தனை? நான் எண்ணல்ல, பக்கம் பக்கமாப் போச்சு.

இப்பக் கடைசியா வந்திரிக்கிறது இந்தச் செயற்கை மூளை. நீ கேட்கிறாய், அது எழுதுது. நீ "சரியில்ல" எண்டுறாய், அது மன்னிப்புக் கேட்டுத் திருப்பி எழுதுது. மரியாதை தெரிஞ்ச சாமான், அதைக் குறை சொல்லமாட்டன். ஆனா மெட்டர் எண்ட ஆராய்ச்சிக்காரர் 2025 ஆடி மாசம் ஒரு கணக்கு வெளிய விட்டாங்களே, அதை நீ கூட்டாளிக்குச் சொல்லக்குள்ள எனக்குச் சிரிப்பை அடக்க ஏலல்ல. கைதேர்ந்த ஆக்கள் 16 பேர். தங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச புரோகிராமில 246 வேலை. சிலதுக்கு அந்த மூளைய வைச்சுக்கொள்ளலாம், சிலதுக்கு ஏலாது. தொடங்க முதல் "24 வீதம் கெதியா முடிப்பம்" எண்டாங்க. முடிச்ச பிறகும் "20 வீதம் கெதியா முடிச்சம்" எண்டாங்க. மணிக்கூட்டைப் பார்த்தா 19 வீதம் சுணங்கியிரிக்கு!

பதினாறு பேரை வைச்சு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது எண்டு நீ சொல்லுவாய். சரிதான். சாமானும் இன்னும் திருந்தும். நான் அதைச் சொல்லல்ல. கெதியாப் போறம் எண்ட நினைப்புக்கும் கெதியாப் போறதுக்கும் நடுவில எவ்வளவு தூரம் பார். உன்ட செற்றப்புக்கு அந்த மாதிரி மணிக்கூடு வைச்சு ஒருநாள் பார்த்திரிக்கியா? பார்க்கமாட்டாய். பயம்.

2022 பங்குனிக் கடைசியில என்ன நடந்தது? ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. டீசல் இல்ல, காஸ் இல்ல. உன்ட வேலையெல்லாம் முகிலில கிடக்கு எண்டாய். நான் மேல பார்த்தன், முகில் இரிந்தது. உனக்குத்தான் கிட்டப் போக ஏலல்ல. சின்ன ஒரு பைலைத் திறக்கிறதுக்கும் அது அமெரிக்காவில ஆரிட்டயோ உத்தரவு கேட்டுது. மண்ணெண்ணெய் லாம்பைக் கொளுத்திவைச்சு, கொப்பியில பேனையால நீ எழுதின அந்த ரெண்டு பக்கம்தான் அந்த மாசம் நீ செய்த நேர்த்தியான வேலை எண்டு உன்ட வாயாலேயே பிறகு சொன்னாய். நான் மறக்கல்ல.

இரி, எழும்பாத. நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லல்ல.

2004 மார்கழி 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடல் இந்தக் கரையில என்ன செய்தது எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. இலங்கை முழுக்க 30,000க்கு மேல சனம் போச்சு. மிஞ்சின ஆக்கள் பள்ளிக்கூடத்திலயும் கோயிலிலயும் கிடந்தம். ஆர் எந்த முகாமில? ஆர் இல்ல? அரிசி எங்க கூடிப்போச்சு, எங்க ஒரு மூட்டையும் வரல்ல? எல்லாம் கடுதாசியில. ஒருத்தன்ட கடுதாசி மற்றவனுக்குத் தெரியாது. பிள்ளையத் தேடுற தாய் முகாம் முகாமா நடந்தாள்.

அந்த நேரம் கொழும்பில கொஞ்சம் கொம்பியூட்டர்ப் பொடியனுகளும் பெட்டைகளும் கூடினாங்க. லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் எண்ட அமைப்பைச் சுற்றின ஆக்கள். காணாமல்போன ஆக்கள்ட பதிவு, முகாம்களின்ட பதிவு, உதவி செய்ற நிறுவனங்களின்ட பதிவு, ஆருக்கு என்ன தேவை எண்ட பதிவு, இதையெல்லாம் ஒண்டாக் கட்டினாங்க. எதில கட்டினாங்க? பி.எச்.பி. மைசீகுவல். ரெண்டும் 1995 இல வந்த சாமான். அப்பவே உன்னைப்போல ஆக்கள் "அதெல்லாம் பழசு" எண்டு மூக்கைச் சுளிச்ச சாமான். ஆனா வந்து சேர்ந்த எல்லாருக்கும் அது தெரிஞ்சிரிந்தது. ஒருத்தன் விட்ட இடத்தில மற்றவன் பிடிக்க ஏலுமாயிரிந்தது. உன்ட கொம்பியூட்டரில நான் வேணாம், உன்ட கூட்டாளியாவது குந்தி ஒரு வரி அடிக்க ஏலுமா? விரல் வைக்கிற இடமெல்லாம் நீ வைச்ச பொறி. அண்டைக்கு நீ அங்க இரிந்திரிந்தா, "கொஞ்சம் பொறுங்க, என்ட செற்றப்பைப் போட்டிட்டு வாறன்" எண்டிரிப்பாய். அரிசி லொறி போயிரிக்கும்.

அதுக்குச் சகன எண்டு பேர் வைச்சாங்க. சிங்களத்தில நிவாரணம் எண்டு அர்த்தம். சும்மா குடுத்தாங்க, ஆரும் எடுத்துத் திருத்தலாம். 2005 ஐப்பசியில பாகிஸ்தானில பூமி நடுங்கக்குள்ள அங்க போச்சு. 2006 இல இந்தோனேசியாவில யோக்யகர்த்தாவுக்குப் போச்சு. 2010 இல ஹெயிட்டிக்குப் போச்சு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகத்துக்கு உதவின வேலைக்கு எண்டு குடுக்கிற விருதை 2005 க்கு விக்கிப்பீடியாவுக்குக் குடுத்தது. அடுத்த வருசத்துக்கு ஆருக்குக் குடுத்தது? சகனவுக்கு. இலங்கைப் பொடியனுகள் பழைய சாமானில கட்டினதுக்கு.

"மறுகா அதைப் பைத்தனில புதுசா எழுதினாங்க" எண்டு நீ துள்ளுவாய். ஓம் எழுதினாங்க. ஆக்களுக்குச் சோறு போய்ச் சேர்ந்த பிறகு எழுதினாங்க. பழசு எங்கெங்க இறுகுது எண்டு பாவிச்சுப் பார்த்த பிறகு எழுதினாங்க. அப்படி எழுதினா நானும் கைதட்டுவன்.

சரி, இப்ப உன்ட பைத்தனையே திற. கதைய விட்டிட்டு ஒரு காரியம் செய்து பார்ப்பம். எங்கட ஊர்ப் பேரை அதில அடி. வாகரை. அடிச்சிற்றியா? எத்தனை எழுத்து எண்டு கேள்.

அஞ்சு எண்டுதா? அரிவரி படிக்கிற பிள்ளையக் கேள், வா, க, ரை, மூண்டு எண்டு விரல் மடக்கும். உன்ட மெசின் காலைத் தனியா எண்ணுது, கொம்பைத் தனியா எண்ணுது. யூனிகோட்டில தமிழை அப்படித்தான் துண்டு துண்டா வைச்சிரிக்காங்க, 1991 இல இருந்து. சரி, பேரைப் பின்னுக்கு இருந்து முன்னுக்குத் திருப்பச் சொல்லு. பார்த்தியா? கொம்பு தனிய முன்னுக்கு வந்து நிற்குது. வா எண்டதில இரிந்த கால் க எண்டதுக்குத் தாவிற்று. எங்கட ஊரைக் கடல் கூட இப்படிப் பிரட்டல்ல.

இதுக்கு மருந்து இல்லாமலில்ல. முத்து அண்ணாமலை எண்டவர், எழில் எண்டு தமிழிலேயே ஒரு கணினிமொழி செய்தவர், அவரும் கூட்டாளிமாரும் ஓப்பன்-தமிழ் எண்டு ஒரு பைத்தன் தொகுதி சும்மா குடுத்திரிக்காங்க. அதைப் போட்டு எண்ணச் சொன்னா மூண்டு எண்டு சரியாச் சொல்லும். இத்தனை சாமான் இறக்கி வைச்சிரிக்கிறாய், அது இரிக்கா? இல்ல. அந்தக் கறுப்பு ஜன்னல், டெர்மினலோ என்னவோ, அதில வாகரை எண்டு எழுதினா எழுத்துக்கு மேல எழுத்து ஏறிக் குந்துது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் எண்டு இங்கிலீசுக்கு வெட்டின இடம் அது. எங்கட ரை அதுக்குள்ள எப்படி அடங்கும்? நீ அந்த ஜன்னலை எத்தனை விதமாச் சோடிச்சாய்! இந்தப் பிழை ஏன் உன்ட கண்ணில படல்ல தெரியுமா? இத்தனை வருசத்தில ஒருநாளும் நீ அதில உன்ட ஊர்ப் பேரை எழுதல்ல.

கோபமா? கோபம் நல்லம். வேலை தருவன், அதில காட்டு.

இஞ்ச மீனவர் சங்கத்தில ஒரு கடன் கொப்பி கிடக்கு. ஆர் எத்தனை கிலோ றால் குடுத்தான், ஐசுக்கு எவ்வளவு கழிச்சது, வலைக்கு வாங்கின முற்பணத்தில எவ்வளவு மிச்சம். எல்லாம் கையெழுத்து. போன வருசக் கணக்குச் சிலது பழைய கொம்பியூட்டரில பாமினி எழுத்தில அடிச்சுக் கிடக்கு. அந்த எழுத்துரு இல்லாத மெசினில திறந்தா இங்கிலீசும் அரைப்புள்ளியுமா ஏதோ பேய் எழுதின மாதிரி வரும். அதை முதல் யூனிகோட்டுக்கு மாத்து. மாத்துற சாமான் ஏற்கெனவே இரிக்கு, புதுசா எழுத வெளிக்கிடாத! மறுகா மீன் பேரை அரிவரி ஒழுங்கில அடுக்கு. சும்மா அடுக்கு எண்டு மெசினுக்குச் சொன்னா வாளைக்கு முன்னுக்கு றாலைக் கொண்டுவந்து வைக்கும். யூனிகோட்டில ற முந்தி, வ பிந்தி. எங்கட அரிவரியில வ முந்தி, ற பிந்தி. சங்கத்தில இரிக்கிற கிழடுகள் எல்லாம் என்னைப்போல ஆக்கள், உடனே பிழை பிடிப்பாங்க.

என்ன சாமானில கட்டுவாய் எண்டு நான் கேட்கமாட்டன். நீ இல்லாட்டியும் அடுத்த பொடியன் திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடியதா இரிக்கவேணும், கரண்ட் போய் வந்தாலும் கணக்கு அழியாமல் கிடக்கவேணும். பாவிக்க உனக்கு எங்க கை இடறுதோ, அந்த இடத்தில என்ன வேணுமெண்டாலும் மாத்து. உன்ட செற்றப்பை ஒருத்தரும் தொடமாட்டாங்க.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சங்கக் கூட்டம். முழுக்க முடியத் தேவையில்ல, ஒரு பக்கத்தை மட்டும் கொண்டு வா. செயலாளருக்குக் கண்ணாடி போட்டும் பொடி எழுத்துத் தெரியாது. கொஞ்சம் பெரிசாப் போடு.